அத்தை பேரில் ஒரு நீலப் பாம்பு

– இன்னொரு தடவை எண்ணிப் பாரும்மா. செதில் எண்ணறப்போ கண்ணு ஏமாத்தும்.

– எண்ணிட்டேன் மாமா. வயித்துச் செதில், வால் செதில், கண்ணைச் சுத்தி இருக்கறது, எல்லாத்தையும். காட்டுல மரத்துக்கு மரம் தொங்கற பச்சைப் பாம்புக்கும் நீங்க கண்டுபிடிச்ச நீலப் பாம்புக்கும் ஒரு செதில்கூட வித்தியாசமில்லை.

– நிறம்? நிறத்தை விட்டுட்டியே.

– அதுக்குத்தான் வர்றேன். ரோட்டுல அடிபட்ட பச்சைப் பாம்பு ஒண்ணை போன மழைக்கு ஸ்பிரிட்ல போட்டேனே, இந்தாங்க, ஜாடியைப் பாருங்க.

– நீலமா இருக்கு.

– உங்க ஜாடியில இருக்கற அதே நீலம். ஸ்பிரிட்ல பச்சையில இருக்கற மஞ்சள் கரைஞ்சு போயிடும், நீலம் மட்டும் தங்கும்னு மியூசியத்துக்கு வர்ற காலேஜ் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே நீங்கதான்.

– அதாகப்பட்டது, அது எனக்குத் தெரியவந்ததே பிற்பாடுதான். அதுக்குள்ள பேர் வெச்சு, கல்யாணம் முடிஞ்சு, உன் புருஷன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்.

– தெரிஞ்சதும் ஜாடியை எடுத்துப் பாத்திருக்கலாமே?

– அந்த அலமாரிப் பக்கமே போகலைம்மா. பயம்.

– செத்த பாம்புக்கா?

– உங்க அத்தைக்கு. அவ பேரை இந்தப் பாம்புக்கு வெச்ச கையோடதான் கல்யாணத்துக்குக் கேட்டேன். வேற என்ன இருந்துச்சு என்கிட்ட? வேலையும் நிரந்தரமில்லை, தலைமுடியும் நிரந்தரமில்லை. இப்போ நீ இதைப் பத்தி எழுதற கட்டுரை வந்தா அந்தப் பேர் செல்லாமப் போயிடும். அவ தாங்க மாட்டா.

– நான் மறைச்சா வேற யாராவது எழுதுவாங்க மாமா. கிண்டலும் சேத்து எழுதுவாங்க.

– என்னை என்ன வேணா சொல்லட்டும். அவ மனசு, ஐயோ, செருப்புச் சத்தம். ஜாடியை மறை, மறை.

– மாமனாரும் மருமகளும் என்ன குசுகுசுப்பு? சாப்பாடு ஆறிப்போச்சு, போனை எடுக்க ஒரு ஆளில்லை. அந்தத் துண்டுக்கடியில என்ன?

– உட்காருங்க அத்தை. ஒண்ணு சொல்லணும். மாமா, நீங்க சொல்றீங்களா?

– நீயே சொல்லும்மா.

– அத்தை, உங்க பேர் வெச்ச நீலப் பாம்பு தனி இனமே இல்லை. சாயம் போன பச்சைப் பாம்பு.

– அவ்வளவுதானே? மூஞ்சியைப் பாத்ததும் உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்.

– உனக்கு வருத்தமில்லையா?

– ஏங்க, அப்போ இங்க ஜாடிக்கெல்லாம் ஸ்பிரிட் ஊத்தற வேலையில இருந்தது யாரு? நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்போ பச்சைப்பசேல்னு வந்த பாம்பை ஸ்பிரிட் ஜாடிக்குள்ள போட்டதே நான்தான். நீங்க திரும்பி வந்து நீலம், நீலம்னு குதிச்சீங்க. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள என் பேரை வெக்கப்போறேன்னுட்டீங்க.