இந்த நன்றித் தீர்மானத்தை நான் வழிமொழிய மாட்டேன்

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் பட்டறைக்காரப் பெரியவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மீட்பு வண்டி ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர், என் கூடப் பிறந்த தம்பி அவர்களே! அமைச்சரின் சார்பில் வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே! வழியில் நின்றுபோன வண்டிகளை வெயிலென்றும் பாராமல் மழையென்றும் பாராமல் இழுத்து வந்து, கிரீஸ் படிந்த கையோடு வீடு திரும்பும் என் பிள்ளைகளே! அந்தக் கை வந்து கதவைத் தட்டும் வரைக்கும் அடுப்பை அணைக்காமல் காத்திருக்கும் தாய்மார்களே!

சபை மரியாதை இத்தோடு முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னும் சிலரை நான் வணங்கியாக வேண்டும். என் மகன் நெடுஞ்சாலையில் விழுந்து கிடந்த அன்று, அந்தப் பாலத்து வளைவில் இருந்த அத்தனை பேரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வேலை முடிந்து போகிற வழியில் இறங்கி ஓடிவந்து, தன் மேலாடையைக் கிழித்து என் பிள்ளையின் தொடையை இறுக்கிக் கட்டிய நர்ஸம்மா அவர்களே! கேட்காமலே தண்ணீர் லாரியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் மறித்த லாரிக்காரத் தம்பி அவர்களே! என் மகனோடு வேலைக்குப் போயிருந்த, நாமெல்லாம் நெட்டை என்று கூப்பிடுகிற நல்ல மனசுக்காரனே! என் மகன் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கிவிட்ட பெரியம்மா அவர்களே! பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும், என் மகன் மேல் மோதிய பார்சல் வண்டி ஓட்டுநரே! நிமிர்ந்து உட்கார் அப்பா. உன்னையும் வணங்குகிறேன்.

முன்வரிசையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் என் மகன். "அம்மா, பேர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மண்டபத்தைப் பூட்டிடுவாங்க" என்கிறான். பூட்டட்டுமே! பூட்டு உடைக்கத் தெரிந்தவர்கள்தானே இங்கே பாதிப் பேர்! கைதட்ட வேண்டாம், அதிகாரி ஐயா தவறாக எடுத்துக்கொள்ளப் போகிறார். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தவிக்கிறவர்களின் காரைத் திறந்துவிடுகிற வேலை ஐயா, வேறொன்றும் இல்லை.

என்னை எதற்கு இந்த மேடைக்குக் கூப்பிட்டார்கள்? நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்துகிறார்கள். அடுத்த வாரம் சட்டசபையில் ஓட்டெடுப்பு. அந்தத் திருத்தத்துக்கு நம் சங்கம் நன்றி சொல்லித் தீர்மானம் போடுகிறது. செயலாளர் முன்மொழிந்துவிட்டார். காலை இழந்தவனின் தாய் வழிமொழிந்தால் பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டே வார்த்தை அக்கா. வழிமொழிகிறேன், வணக்கம்னு சொல்லிட்டு வந்து உக்காந்துடு" என்று படியேறும்போதுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ரெண்டு வார்த்தைதான் சொல்லப் போகிறேன். வழிமொழிய மாட்டேன்!

சத்தம் வேண்டாம், சத்தம் வேண்டாம். ஏன் மாட்டேன் என்று கேளுங்கள்.

என்ன சொல்கிறது இந்தச் சட்டம்? சாலை ஓரத்தில் விளக்குச் சுழல ஒரு வண்டி நின்றால், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்; ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும்; மீறினால் லைசென்ஸ் பறிபோகும். நல்ல சட்டமா? நல்ல சட்டம். நாம் கேட்ட சட்டமா? நாம் தொண்டை கிழியக் கேட்ட சட்டம். ஆனால் எந்த வண்டிக்கு ஒதுங்க வேண்டுமாம்? போலீஸ் வண்டிக்கு ஒதுங்கு. ஆம்புலன்சுக்கு ஒதுங்கு. தீயணைப்பு வண்டிக்கு ஒதுங்கு. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை! அத்தோடு முற்றுப்புள்ளி!

முதலில் எழுதிய மசோதாவில் நான்காவதாக நாம் இருந்தோம். மீட்பு வண்டி என்று எழுதியிருந்தது. இப்போது இல்லை. நம்முடைய மஞ்சள் விளக்கு சுழலவில்லையா? நம் பிள்ளைகளின் உடம்பில் ஓடுவது ரத்தமில்லையா? போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. எல்லோரும் போன பிறகும் கொக்கியும் சங்கிலியுமாக, காற்று வேகத்தில் போகிற வண்டிகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு வேலை செய்கிறவன் யார்? மீட்பு வண்டிக்காரன்! அவனுக்கு ஒதுங்க வேண்டாம் என்று ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரு நன்றி. அந்த நன்றியை வழிமொழிய நான்!

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதிகாரி ஐயா, நீங்கள் போனைக் கீழே வைத்தால் நல்லது.

பாலத்து வளைவில் ஒரு கார் நின்றுவிட்டது. ஓரமே இல்லாத இடம். கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது. ஓட்டி வந்தவர் உதவி தேடி முன்னாலேயே நடந்து போய்விட்டார். பின் இருக்கையில் தனியாக இந்தப் பெரியம்மா. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எங்கும் எழுதிவைக்கவில்லை, எல்லோர் உடம்பிலும் ஊறியிருக்கிறது. முதலில் ஆள், பிறகுதான் வண்டி. ஆளை இறக்காமல் கொக்கியைத் தொடக்கூடாது. சுவர்ப் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அதனால் சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்து, "பயப்படாதீங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, இவரை இறக்கி நெட்டையின் கையில் கொடுத்தான் என் மகன். கொடுத்த பிறகு அவனும் ஓடி வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள். இவன் திரும்பினான். ஏன் திரும்பினான்? திறந்த கதவு சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிறவன் எவனாவது அதில் மோதிச் சாவான் என்று, யாரென்றே தெரியாத ஒருவனுக்காக, அந்தக் கதவை மூடத் திரும்பினான்!

அந்த நேரத்தில்தான் பார்சல் வண்டி வந்தது.

பின்வரிசையில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அவரை அடிக்கக் கை ஓங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓங்கினேன். அவர் சொன்னார்: "மஞ்ச விளக்கைப் பாத்தேம்மா. ஆம்புலன்ஸ்னா ஒதுங்கணும்னு லைசென்ஸ் டெஸ்ட்டுல கேட்டாங்க. இதுக்கு ஒதுங்கணும்னு யாருமே எனக்குச் சொல்லித் தரலியேம்மா." ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. எனக்கு மறதி என்கிற வியாதி கிடையாது. ஒன்றாம் வகுப்பில் என் சிலேட்டுப் பலகையை மிதித்து உடைத்தவள் இன்று வந்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அப்படிப்பட்ட நான் இவரை மன்னித்தேன். சொல்லித் தராததைச் செய்யவில்லை என்று ஒருவனை எப்படித் தண்டிப்பது? சொல்லித் தரவேண்டிய சட்டத்தை அல்லவா பிடித்து உலுக்க வேண்டும்!

அதன்பிறகுதான் அந்த மசோதா வந்தது. நான்காவது வண்டியாக நாம் இருந்தோம். என் மகன் கட்டைக் காலை மாட்டிக்கொண்டு நடக்கப் பழகிய நாட்களில், மருமகள் அதைப் படித்துக் காட்டினாள். "மீட்பு வண்டின்னு எழுதியிருக்கு அத்தை, அச்சில வந்திருக்கு!" என்று குதித்தாள். அவள் யார் தெரியுமா? புருஷன் படுத்ததும் அவன் ஓட்டிய பழைய வண்டியின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவள். "பொம்பள வந்து சங்கிலி மாட்டுறாளே" என்று சிரித்த ஒரு கார்க்காரரிடம், "மாட்டட்டுமா, இல்ல நீங்களே தோள்ல தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டவள்!

பிறகு ஒருநாள் என் தம்பி வீட்டுக்கு வந்தார். எப்போதும்போல நேரே சமையலறைக்குள் வந்து, உலை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மேடைமேல் ஏறி உட்கார்ந்தார். இந்த மேடை இல்லை, என் அடுப்பு மேடை!

"அக்கா, சட்டம் வரப்போகுது. இனிமே நெடுஞ்சாலையில எந்த வண்டி நின்னாலும் கண்ட்ரோல் ரூம்லேருந்து நம்ம சங்கத்தைத்தான் கூப்பிடணும். எந்த வண்டியை அனுப்பறதுன்னு சங்கம்தான் முடிவு பண்ணும்."

"சங்கம்னா?"

"சங்கம்னா... நான்தான்."

"சரி. ஓசியில குடுத்தாங்களா?"

"சும்மா யாருக்கா குடுப்பா? பஸ் கம்பெனிக்காரங்க, எல்லா மஞ்ச விளக்குக்கும் ஒதுங்கினா எங்க நேரம் கெடும்னு சண்டை பிடிச்சாங்க. நாமளும் கொஞ்சம் விட்டுக்குடுத்தோம்."

"எதை விட்டுக்குடுத்தே?"

"ஒரு வார்த்தை அக்கா. ஒரே ஒரு வார்த்தை. மருமகன்கிட்ட இப்ப சொல்லாதே, மனசு கஷ்டப்படுவான்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான்டா உன் மருமகனோட கால் இருந்துச்சு" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. யார் அனுப்பியது? செயலாளரா? நேரமாகிறது என்று எழுதியிருப்பார். எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, கண்ணாடியோ வீட்டில் இருக்கிறது. தம்பி, என்ன வேண்டுமோ வாயால் சொல்! இந்தச் சபை முன்னால் சொல்! சொல்லமாட்டாயா? அப்படியானால் நான் பேசுகிறேன்.

அந்த வார்த்தை போன சேதி மருமகளுக்குத் தெரிந்ததும் அவள் அழவில்லை. என்னிடம் ஒன்று கேட்டாள். "அத்தை, அன்னிக்குத் தண்ணி லாரிக்காரர் சாலையை மறிச்சதுனாலதானே இவர் உயிரோட இருக்கார்? விழுந்த பிறகு மறிச்சாங்க. விழறதுக்கு முன்னாடி மறிச்சிருந்தா?"

கேட்டீர்களா? விழுந்த பிறகு மறித்தார்கள். விழுவதற்கு முன்னால் மறித்திருந்தால்? இதற்கு எந்த அமைச்சர் பதில் சொல்வார்? எந்த பஸ் கம்பெனி பதில் சொல்லும்?

அடுத்த அழைப்பு வந்தபோது இரண்டு வண்டிகள் போயின. நெட்டை முன்னால் நின்று கொக்கி மாட்டினான். மருமகள் பழைய வண்டியைப் பின்னால் தடத்துக்குள் குறுக்கே போட்டு, விளக்கைச் சுழலவிட்டு, தான் இறங்கித் தடுப்புக்கு வெளியே நின்றாள். வந்த வண்டியெல்லாம் தானாகவே ஒதுங்கிப் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் என்ன நடந்தது? போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவள் லைசென்சை முடக்கிவிட்டார்கள்! அன்று அதே வேலையைச் செய்த தண்ணீர் லாரிக்காரரின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார்கள். என் பிள்ளையின் ரத்தம் சாலையில் ஓடிய பிறகு மறித்தால் அது சேவை! ஓடுவதற்கு முன்னால் மறித்தால் அது குற்றம்! இது எந்த ஊர் நியாயம்? ரத்தத்தைப் பார்த்தால்தான் நம்புவோம் என்கிறதா சட்டம்?

அதிகாரி ஐயா, அமைச்சரிடம் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் வேலை நிறுத்தம் செய்யமாட்டோம். நடுச்சாலையில் தவிக்கிறவனைக் கைவிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வருவோம். வண்டி நின்றால் வருவோம், கவிழ்ந்தால் வருவோம், கூப்பிட்டால் வருவோம். ஆனால் ஒற்றையாக வரமாட்டோம்! இனி எங்கே போனாலும் இரண்டு வண்டி. ஒன்று இழுக்கும், ஒன்று மறிக்கும். லைசென்சைப் பறியுங்கள். மருமகளுடையதைப் பறித்தீர்கள், நெட்டையுடையதைப் பறியுங்கள், இந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேருடையதையும் பறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் நெடுஞ்சாலையில் நின்றுபோகும் வண்டியை யார் இழுப்பார்கள்? மசோதாவா வந்து இழுக்கும்?

தலைவர் அவர்களே, பெரியவரே, ஒரு வேண்டுகோள். செயலாளரின் நன்றித் தீர்மானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் வேறொன்றை முன்மொழிகிறேன். போன வார்த்தை மசோதாவுக்குள் திரும்பி வரவேண்டும். லைசென்ஸ் கேட்டு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மஞ்சள் விளக்குக்கும் ஒதுங்கு என்று சொல்லித் தரவேண்டும். என் மருமகளின் லைசென்சைத் திருப்பித் தரவேண்டும். அதுவரை இரண்டு வண்டி. வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

பார்சல் வண்டிக்காரரே, நீர்தான் முதலா! சங்கத்தில் இல்லாவிட்டால் என்ன, தூக்கிய கையை இறக்காதீர். நெட்டை, நீ உட்கார்ந்தே தூக்கு, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. தாய்மார்களே, இரண்டு கையையுமா தூக்குகிறீர்கள்? தூக்குங்கள், தூக்குங்கள்! தலைவரும் தூக்கிவிட்டார்! அதிகாரி ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் தூக்காத கை இரண்டே இரண்டு பேருடையது. உங்களுடையது உத்தியோகம், நான் குறை சொல்லமாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கு நன்றி. என் பிள்ளையின் உயிரைத் தரையிலிருந்து அள்ளிக் கொடுத்தவர்களுக்கு, ஆயுள் உள்ளவரை நன்றி. மோதியவரை மன்னித்தேன். முடக்கிய அதிகாரிகளைக்கூட, திருப்பித் தந்தால் மன்னிப்பேன். ஒருவரை மட்டும் மாட்டேன். சங்கத்தின் செயலாளரே, என் மகனின் தாய்மாமனே, என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த தம்பியே! உன் கார் அந்தப் பாலத்தில் நின்றுபோனால் தயங்காமல் கூப்பிடு. இரண்டு வண்டி வரும். உன்னைப் பத்திரமாக இறக்கி, பாலத்தைத் தாண்டி ஓரமாக நிற்கவைத்துவிட்டுத்தான் கொக்கியைத் தொடுவாள் என் மருமகள். உன்னை மீட்போம். மன்னிக்க மாட்டேன்.

எல்லோருக்கும் வணக்கம்.