பின்புறமாகப் பிராக்கன் குன்றேறிய வண்டி

பிராக்கன் குன்றின் உச்சியில், பறக்கத் துடிக்கும் தொப்பியை இரு கையாலும் பிடித்து வீற்றிருக்கும் தலைவர், என் முதலாளி, ஜோசையா ஹோல்ராய்ட் அவர்களே! நகரப் பெரியோர்களே! மாவுக்கையோடு மலையேறி வந்த தாய்மார்களே! எக்காளம் ஊதி என் காதைக் கிழித்த இசைக்குழுத் தோழர்களே! எங்களை இழுத்துச் செல்லக் குதிரையோடும் கயிற்றோடும் காத்திருந்து ஏமாந்த லாயக்காரர் கிளெக் அவர்களே! வணக்கம்.

நீட்டிப் பேச எனக்கு நேரமில்லை. தலைவர் போன ஞாயிறு தேவாலய வாசலில் என்ன சொன்னார்? "என்னை ஏத்திக்கிட்டு இந்த மோட்டார் உச்சிக்குப் போகணும். போகலைன்னா மோட்டார் பட்டறைக்குப் பூட்டு. பழையபடி குதிரைவண்டிதான்!"

இன்று காலை ஏறினோம். ஓட்டியவர் தலைவரின் மகள் ஹெஸ்டர். பால்பண்ணை வளைவில், செங்குத்துச் சரிவில், வண்டி இருமியது, விக்கியது, நின்றது!

கிளெக் விடுவாரா? "என்ன முதலாளி, தீனி பத்தலையா? ஓட்ஸ் வைக்கட்டுமா?"

சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆணி அடித்தாற்போல் எனக்குப் புரிந்துவிட்டது! தலைமுறை தலைமுறையாக நம் பட்டறையில் குதிரைவண்டி செய்கிறோம். இருக்கைக்கு அடியில் குதிரைத் தீனிக்கு ஓட்ஸ் பெட்டி. மோட்டார் வந்ததும் பெட்ரோல் தொட்டியை எங்கே வைத்தோம்? அதே இடத்தில்! குதிரை குனிந்து தின்னும், எஞ்சின் குனியுமா? பெட்ரோல் தானாக வழிந்தல்லவா அதனிடம் போகவேண்டும்? மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருக்கும் மூக்கு மேலே, தொட்டி கீழே என்றால் எப்படி வழியும்? இதைக் கண்டுபிடிக்காமல், தட்டையான முற்றத்திலே கல்மூட்டை ஏற்றிச் சோதித்துக் கைதட்டிக்கொண்டோம்!

வண்டியைச் சமதரைக்கு உருட்டினோம். கத்தினேன்: "ஹெஸ்டர், திருப்பு! பின்பக்கமா ஏத்து!"

"உனக்கென்ன பைத்தியமாடா?" என்றார் தலைவர்.

"அப்பா, தொப்பியப் புடிச்சுக்கிட்டு பேசாம உக்காருங்க!" என்றார் மகள்.

ஏறியது ஐயா, ஏறியது! தொட்டி உயர்ந்தது, மூக்கு தாழ்ந்தது, பெட்ரோல் பாய்ந்தது! செம்மறிகள் சிதறின, சேவல்கள் சீறின, துரத்தி வந்த ஊரை நேருக்கு நேர் பார்த்தபடியே உச்சிக்கு உயர்ந்தார் நம் தலைவர்!

யாரது? "மூஞ்சி முன்னால இருந்தாத்தான் கணக்கு"ங்கிறது? கிளெக் அண்ணே, உச்சி இதுதானே? தலைவர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்? அவரையே கேட்போம். தலைவரே, பூட்டா, பட்டறையா?

கேட்டீர்களா? "பட்டறைதான்டா! மொதல்ல தொட்டிய மேல வை!"

வைக்கிறோம்! எஞ்சினுக்கும் மேலே வைக்கிறோம்! வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டோம். மண்டையிலிருந்து எப்போது அவிழ்க்கப் போகிறோம்? இன்றே அவிழ்ப்போம்! இங்கேயே அவிழ்ப்போம்!

இருக்கைக்கு அடியில், பழைய ஓட்ஸ் பெட்டி இருந்த இடத்தில், இனி என்ன வைப்பது என்றா கேட்கிறீர்கள்? தலைவரின் தொப்பியை வைக்கலாம், கிளெக் அண்ணே!

கேட்டவர்க்கும், கேலி செய்தவர்க்கும் நன்றி. வண்டி இனி இறங்குகிறது; இந்த முறை முகம் முன்னால். வழிவிடுங்கள், வணக்கம்!