முறைப்படியாரின் உரிமையாளர்

நீங்கள் கொடுத்த தாள்களில் ஓரக்கோடு இல்லை. அளவுகோல் கேட்டு வாங்கி நானே போட்டுக்கொண்டேன். வாக்குமூலமானாலும் அது ஒரு காகிதம்தானே. இடதுபக்கம் இடம் விடாவிட்டால், நாளைக்குக் கோப்பில் துளை போடுகிறவர் வரிக்கு ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் வணிகச் சின்னப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் சின்னம் கிளி. எங்கள் வாசகம் 'நடந்ததை நடந்தபடி'. இவற்றை வேறு யாராவது எடுத்தாண்டால் கண்டுபிடித்து நோட்டீஸ் தயாரிப்பது என் பொறுப்பு. ஒரு சலவை சோப்பின் உறையில் எங்கள் கிளி உட்கார்ந்திருந்தது. நோட்டீஸ் கிடைத்த மாதமே அது மைனாவாகிவிட்டது. கடையில் அந்த மைனாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு. சிலருக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் வருமே, அது.

நீங்கள் கேட்பது என் மச்சினனைப் பற்றி. மனைவியின் தம்பி. முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவன் குட்டிதான். அரசியல்வாதிகளைக் கேலி செய்து இணையத்தில் வாரம் ஒரு நிகழ்ச்சி போடுவது அவன் பிழைப்பு. பழைய காலுறையில் பஞ்சு அடைத்து, கம்பியில் கழுத்து வைத்து, மூக்குக்கண்ணாடி மாட்டிய ஒரு பொம்மை அதில் செய்தி வாசிக்கும். பெயர் முறைப்படியார். வாசிக்கும் முன் மூன்று தடவை தொண்டையைச் செருமும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும். பிறகு 'முறைப்படி பார்த்தால்' என்று ஆரம்பிக்கும்.

"முறைப்படி பார்த்தால், அமைச்சர் கட்டிய பாலம் இடிந்து விழவில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே கீழே இறங்கி வந்து மக்களைச் சந்தித்திருக்கிறது." இது ஒரு மாதிரிக்கு. பொம்மைக்குப் பின்னால் சுவரில் பச்சை வண்ணம் பூசிய ஒரு காக்கை. அதன் கீழே 'நடக்காததையும் நடந்தபடி'.

நோட்டீஸ் எழுதினேன். எழுதாமல் இருந்தால் அந்தச் சோப்புக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் காகிதம் என்றால் என் கைக்குத்தான் வரும். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், தண்ணீர் இணைப்புக்கு மனு, எதுவானாலும். குட்டியின் காதல் கடிதம் ஒன்றைக்கூட நான் பிழை திருத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள், ஆனால் கடிதத்தில் பிழை இல்லை. ஆகவே எங்கள் நோட்டீஸ் கைக்குக் கிடைத்த அன்று சாயங்காலமே குட்டி அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, உங்க நோட்டீஸ் வந்துருச்சு. அட்டகாசமா எழுதியிருக்கீங்க. இதுக்குப் பதிலையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"நான் அந்த ஆபீஸ்ல வேலை பாக்கறவன்டா."

"ஆபீஸ் வேலை ஆபீஸ்ல, வீட்டு வேலை வீட்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொல்வேன்தான். எழுதிக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நான் இரண்டையும் சிரத்தையாகச் செய்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'காக்கைக்குப் பச்சை பூசினால் அது கிளியாகிவிடும் என்று கருதுகிறவர் இதுவரை இரண்டு பறவைகளையும் பார்த்ததில்லை என்று தெரிகிறது' என்று பதிலில் ஒரு வரி எழுதியிருந்தேன். மறுவாரம் முதலாளி அதை என் முன்னாலேயே சத்தமாகப் படித்தார்.

"எவன்யா அவனுக்கு எழுதிக் குடுக்குறது? ஆளு கெட்டிக்காரனா இருக்கான். அவனை நம்ம ஆபீஸுக்கு இழுக்கப் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன்.

இப்படி மூன்று நோட்டீஸ், மூன்று பதில். காக்கைக்கு ஒன்று, வாசகத்துக்கு ஒன்று, எங்கள் மேசையைப் போலவே இருந்த மேசைக்கு ஒன்று. மேசையை மட்டும் குட்டி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து, துணி தேய்க்கும் பலகையின் பின்னால் பொம்மையை உட்கார வைத்தான். ஒவ்வொரு நோட்டீசையும் முறைப்படியார் நிகழ்ச்சியில் முழுசாக வாசித்தார். என் வாக்கியங்களுக்கு மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்க்கிறவர்கள் கூட்டம் ஒன்றுக்கு மூன்றாகியது. எங்கள் கிளி இளைத்துக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அம்மா என் மேசைக்கு முன்னால் கைப்பேசியை நீட்டினார். "சார், நீங்க அப்படியே முறைப்படியார் மாதிரியே பேசுறீங்க. இன்னொரு தடவை தொண்டையைச் செருமுங்களேன். எம் பொண்ணு கேக்கட்டும்."

அதுவரை, அந்தப் பொம்மை எங்கள் தலைமைச் செய்தி வாசிப்பாளரைக் கிண்டல் செய்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மூன்று நோட்டீசிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவரும் அதை நம்பி, பாவம், செருமுவதை விடுவதற்காக மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் குட்டியிடம் கேட்டேன். அவனுக்கு ஆச்சரியம்.

"உங்களைப் பாத்துத்தான் மாமா. இவ்வளவு நாளா தெரியாதா? எனக்குத் தெரிஞ்ச ஒரே நேர்மையான ஆளு நீங்கதான். நேர்மையான ஆளு பொய்யைப் படிச்சாத்தானே சிரிப்பு வரும்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஊருக்கே தெரியுமே. அந்தக் கண்ணாடியே உங்க பழைய கண்ணாடிதான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

இருவரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடாததற்குக் காரணம் வயிறு. அடுத்த பதினொரு நாள் தொண்டையைச் செருமாமல் இருந்ததற்கும் தனிப்பட்ட காரணம் கிடையாது. பன்னிரண்டாம் நாள் குரல் அடைத்துக்கொண்டது. வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

முதலாளியிடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். நம்முடைய கிளியைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுகிறோம். அவனுடைய பொம்மைக்கு யார் காவல்? அந்தப் பொம்மை வணிகச் சின்னமாக எங்கும் பதிவு செய்யப்படவில்லை. குட்டியின் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பதிவு செய் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நாமே பதிவு செய்துவிட்டால் முறைப்படியார் நம்முடையவர். பிறகு அவரைப் போல யார் செருமினாலும் அது நம்முடைய செருமல். முதலாளி அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

விண்ணப்பத்தில் பொம்மையின் அங்க அடையாளங்களை, கண்ணாடியில் என்னையே பார்த்து எழுதினேன். ஒலி மாதிரியும் கேட்டிருந்தார்கள். ஒலிப்பதிவு அறையில் பதினான்கு தடவை செருமினேன். ஒன்பதாவது நன்றாக வந்திருப்பதாக அங்கிருந்தவர் சொன்னார். பிறகு விண்ணப்பம் பதிவு அலுவலகத்தின் இதழில் வெளியானது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நான்கு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். தலையணை கனத்தில் வருகிற அந்த இதழை நாட்டில் ஐந்து பேர் படிப்பார்கள். அதில் மூன்று பேர் படிக்கும்போதே தூங்கிவிடுவார்கள். நான் அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு மாதமும் வைத்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். குட்டி வரும்போதெல்லாம் டீ டம்ளரை அதன்மேல்தான் வைப்பான். நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அந்த அட்டையில் இருக்கும் வட்டங்களே சாட்சி.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பொம்மையை மூன்று வருடமாக இன்னொருவர் பயன்படுத்தி வருகிறாரே, அவருடைய சம்மதக் கடிதம் எங்கே என்று பதிவு அலுவலகம் கேட்டது. நியாயமான கேள்வி. கடிதம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

பதிவு கிடைத்ததும் கம்பெனி ஆட்கள் இருவர் குட்டியின் அறைக்குப் போனார்கள். அவன் அப்போது முறைப்படியாரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தானாம். எனக்குத்தான் போன் செய்தான்.

"மாமா, பொம்மையை எடுத்துட்டுப் போக வந்திருக்காங்க. ஏதோ காகிதம் காட்டுறாங்க. என்னன்னு கேளுங்களேன்."

"குடுத்துரு மாப்ள. பதில் எழுதிக்கலாம்."

கொடுத்துவிட்டான். கழுத்துக் கம்பியை வளைக்க வேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொண்டானாம்.

அதற்குப் பிறகு தன் சொந்த முகத்தோடு நிகழ்ச்சி நடத்திப் பார்த்தான். மூன்று வருடப் பழக்கம், வாயைத் திறந்தாலே தொண்டை தானாகச் செருமிவிடும். நோட்டீஸ் போனது. செருமாமல் பேசிப் பார்த்தான், பேச்சே வரவில்லை. "அந்தாளு இல்லாம எனக்கு அமைச்சரைக் கேள்வி கேக்கத் தெரியல மாமா" என்றான். பிறகு நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வருவான், சுவரைப் பார்த்து உட்காருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். அமைதியான பிள்ளையாகிவிட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

முறைப்படியார் இப்போது எங்கள் தொலைக்காட்சியில் வாசிக்கிறார். குரல் என்னுடையது. வேறு யாருக்கு அந்த உரிமை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் மக்களுக்கு நன்றி கிடையாது. 'இது போலி', 'செருமல் செயற்கையாக இருக்கிறது', 'அசல் ஆள் எங்கே' என்று எழுதுகிறார்கள். "பழைய ஆளு செஞ்சதைக் கொஞ்சம் பாத்துக் கத்துக்கங்க" என்று முதலாளியும் சொல்லிவிட்டார். தினம் மதிய இடைவேளையில் குட்டியின் பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்த்துப் பயிற்சி எடுக்கிறேன். மூன்றாவது செருமல் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

இடையில் அந்தப் பாலத்தை மறுபடி கட்டினார்கள். அது மறுபடி விழுந்தது. இந்தத் தடவை அதன்மேல் ஒரு பேருந்து இருந்தது. அன்றைக்கு முறைப்படியார் அமைச்சருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தார். எழுத்து மேலிடத்திலிருந்து வந்தது, நான் உச்சரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள்தான் உங்களுக்குப் புகார் வந்திருக்கிறது. குட்டி எழுதியிருப்பான் என்றுதான் நினைத்தேன். நீங்கள் மேசையில் வைத்ததும் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் காட்டாமல் அவள் எழுதிய முதல் காகிதம் அது. 'வேலியே பயிரை மேய்ந்துவிட்டது' என்று முடித்திருக்கிறாள். தேதி போட மறந்துவிட்டாள். என்னிடம் கொடுத்திருந்தால் போட்டுக் கொடுத்திருப்பேன். ஏன் கொடுக்கவில்லை என்று நினைத்தால், உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சு வலிக்கிறது.

இனி அந்தச் சம்மதக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்து. அது குட்டியின் கையெழுத்துதான், நான் போட்டதில்லை. பதிவுக்கு முன்னால் இன்னொரு நோட்டீஸ் அனுப்பியிருந்தேன்; அந்த நான்காவது நோட்டீசுக்குப் பதில் வாங்க அவன் வந்த சாயங்காலம். மேசையில் அந்த இதழ் இருந்தது, அதன்மேல் அவன் டம்ளர். மூன்று தாளில் நல்ல பதில் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதன் கீழே நான்காவது தாள். 'இந்தப் பொம்மையும் அதன் குரலும் சைகையும் கம்பெனிக்கே சொந்தம், இனி எந்த வடிவிலும் இவற்றை நான் பயன்படுத்த மாட்டேன்.' எழுத்துகூடச் சிறியதாகப் போடவில்லை. மற்ற மூன்றுக்கும் போட்ட அதே அளவு.

பேனாவைத் திறந்துகொண்டே குட்டி என்னைப் பார்த்தான். "படிச்சுப் பாக்கணுமா மாமா?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

நான்கு தாளிலும் போட்டான். பேனாவை மூடிவிட்டு, என் கண்ணாடியை எட்டி எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டான். நெற்றிக்கு ஏற்றினான். மூன்று தடவை செருமினான். "முறைப்படி பார்த்தால், எங்க மாமாவைப் போல ஒரு மாமா யாருக்கும் கிடைக்காது" என்றான். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மை காய்வதற்குள் அவன் அந்தக் கடிதத்தை மீறிவிட்டான். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த நோட்டீசுக்கு உதவும் என்று, மணி ஏழு நாற்பது எனக் கோப்பின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.