ஒளிந்திருப்பவளுக்குப் பத்து டர்ன்

மொபைல் விளையாட்டில் யார் தோற்றாலும் விதி எழுதியவரைத்தான் திட்டுவார்கள், சார். எனக்கு அது பழகிவிட்டது. தேவிபட்டினத்தில் வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனியின் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதுகிறேன். யாருடைய கவசம் எத்தனை அடி தாங்கும், யார் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கலாம், எல்லாம் நான் தீர்மானிப்பதுதான்.

அதில் நிழலி என்று ஒருத்தி. புதருக்குள் போய்விட்டால் அவளை யாரும் தொட முடியாது. தேடுகிறவர்கள் அலுத்துப்போய் ஆட்டத்தையே விட்டார்கள். ஆகவே, பத்து டர்னுக்கு மேல் ஒளிந்தால் வெளியே வந்தாக வேண்டும் என்று மாற்றினேன்.

அப்போது ராமலெட்சுமி என் மாடி அறையில் இருந்தாள். கல்லூரித் தோழி. கணவன் வசந்தகுமார் அவள் தோளில் தோசைக்கரண்டியைக் காய்ச்சி இழுத்திருந்தான். அடுத்த தடவை உயிரோடு விடமாட்டேன் என்றும் சொல்லியிருந்தான். சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் வந்து கூட்டிப்போக இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை ஒளிந்திருந்தால் போதும்.

புதிய விதியை அவளை நிழலியாக ஆடவைத்தே சோதித்துப் பார்த்தேன்.

"ஏன்டி மகேசு, சும்மா ஒளிஞ்சிருக்கவள எதுக்கு வெளிய தள்ளுற? அவ யாரையும் அடிக்கலையே."

"தேடுறவனுக்கும் ஆட்டம் ருசிக்கணும்ல."

"ஒன் நியாயத்தத் தூக்கிக் கடல்ல போடு" என்று சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அவள் வந்த ஏழாம் நாள் வசந்தகுமார் வாசலில் வந்து நின்றான். தாடி, அறுந்த செருப்பு.

"தொண்டி வரைக்கும் அலைஞ்சிட்டேன்க்கா. ஒரு துப்புக்கூடக் கெடைக்கல."

அவனுடைய களைப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாச் சாதகமும் ஒருத்திக்கே இருப்பது எனக்கு உறுத்தியது. அவன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் அமாவாசை. இங்கே கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் ஒன்பது தடவை சுற்றி வந்து முழுக்குப் போடுவது வழக்கம்.

"நான் வரலடி, பயமா இருக்கு" என்றாள்.

"அம்புட்டுக் கூட்டத்துல ஒன்னைய யாரு பாக்கப் போறா? நான் கூடத்தான வாரேன்" என்றேன். வந்தாள்.

தலையில் ஈரத்துண்டு போட்டால் எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத்தான். அந்த மறைவை அவளுக்குக் கொடுத்தேன். அவனுக்குப் போனில் இவ்வளவுதான் சொன்னேன்: "அமாவாசைக்கு ஒம்போது கல்லுக்கு வாங்க. நீங்க சுத்தாதீக. தண்ணிக்குள்ள ஒரே எடத்துல நில்லுங்க. சுத்துறவுக எல்லாரும் ஒங்க முன்னாடி வந்துதான் ஆகணும்." சேலை நிறத்தைச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டுத் தடவை அவன் முன்னால் கடந்தோம். அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பதாவதில் துண்டு நழுவியது. அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நடுவில் நின்றால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒதுங்கினேன்.

தண்ணீர் இடுப்பளவுதான். அவள் தலையைப் பிடித்து அமுக்கினான். புருஷன் பெண்டாட்டிக்கு முழுக்குப் போடுகிறான் என்று நினைத்து மற்றவர்கள் விலகி நடந்தார்கள். "மூணு முழுக்குப் போதும் தம்பி" என்றாள் ஓர் அம்மாள். அவன் ஒரே முழுக்குத்தான் போட்டான், கையை எடுக்காமல். நான் கூப்பாடு போடவில்லை.

ஆமாம், கூட்டிப்போனதும் நான்தான், வழி சொன்னதும் நான்தான், கையை விடுவித்ததும் நான்தான். ஆனால் கடைசி வரை நான் யார் பக்கமும் நிற்கவில்லை, சார்.