கயிற்றின் கடைசிப் பிடி

தலைமைக் கதிரையிலை தளராமல் இருக்கிற எங்கடை கழகத் தலைவர் செல்வரத்தினம் அண்ணை அவர்களே, பூசை முடிஞ்ச கையோடை மைதானத்துக்கு வந்து எங்களோடை வெய்யில் காயிற பங்குச் சுவாமி அவர்களே, கடல் கடந்து கயிறிழுக்க வந்த அனலைதீவுக் காளைகளே, கரையிலை கண்ணும் கடலிலை நெஞ்சுமாக் காத்திருந்து பழகின எழுவைதீவுத் தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் றஜீபன். உயர்தர வகுப்பை அரைவாசியிலை விட்டிட்டு ஊர் சுத்திறவன். "ரெண்டு வசனம் பேசடா" எண்டு தலைவர் கூப்பிட்டவர். ரெண்டோடை நிக்காது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

இண்டைக்கும் தோத்திட்டம். எதாலை தோத்தனாங்கள்? தோளிலை பலம் இல்லையோ? காலிலை உறுதி இல்லையோ? கயித்தின்ரை கடைசிப் பிடியிலை ஆள் இல்லை. இடுப்பிலை கயித்தைச் சுத்தி, குதிக்காலை மணலிலை புதைச்சு, மலைமாதிரிச் சாஞ்சு நிண்ட என்ரை அண்ணை கிறிஸ்தோப்பர் இல்லை.

ஆர் பின்னாலை, "நீ போய் நில்லன்" எண்டுறது? நான் நிண்டா கயித்தோடை என்னையும் அனலைதீவுக்குக் கொண்டுபோடுவினம்.

ஒரு தாய், ஒரு பானை. அவர் பாறை, நான் ஈர்க்கு. நிவாரணத்திலை சீவிச்ச தொண்ணூற்றேழிலை, தன்ரை பிட்டிலை பாதியை என்ரை கோப்பையிலை தட்டிப்போட்டு எழும்புவார். பாதி திண்டவருக்கு வண்டி வயிறு. ஒண்டரைப் பங்கு திண்ட எனக்கு விலா எலும்பு. செத்துப்போன எங்கடை அப்பாவுக்கும் அதே வண்டி வயிறுதான்.

அப்ப அண்ணை சங்கக்கடையிலை நிவாரணக் கோதுமை மா நிறுத்துக் குடுத்தவர். ஒருநாள் ரெண்டு மூட்டை குறைஞ்சுது. ஊர் எங்கை பாத்தது? கதவைப் பாத்ததோ? வள்ளத்தைப் பாத்ததோ? அண்ணையின்ரை வயித்தைப் பாத்தது. பிறகு, அந்த மூட்டையள் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலை ஏத்தாமலே கிடந்தது தெரியவந்துது. களவு இல்லை எண்டு சங்கத்தார் எல்லாருக்கும் முன்னாலை சொல்லிச்சினம். அப்பவும் வரிசையிலை நிண்ட அல்போன்சம்மா மாமி கேட்டா: "சரி தம்பி, களவு இல்லை. அப்ப இந்த வண்டி காத்துக் குடிச்சே வளர்ந்தது?"

சனம் சிரிச்சுது. அண்ணையும் சிரிச்சவர். அடுத்த வள்ளத்திலை போனவர்தான். இப்ப மன்னாரிலை, பேசாலையிலை இருக்கிறார்.

மாமி, முன்வரிசையிலைதான் இருக்கிறியள், கோவிக்காதேங்கோ. உங்கடை கேள்விக்கு ஒரு மறுமொழி கொண்டுவந்திருக்கிறன். வாசிகசாலைப் பேப்பரிலை வாசிச்சனான். தாய் தகப்பனிட்டை இருந்து எங்களுக்கு வாறது மரபணு. அதிலை சிலது, நோய்க்கிருமி வந்தா எதிர்த்து நிக்கிற காவல் வேலையை நடத்துறது. அது ஆளுக்காள் கொஞ்சம் மாறுமாம். சில மாற்றம் உள்ள ஆம்பிளையளுக்கு உடம்புக் கொழுப்பின்ரை அளவும் மாறிக் கிடக்காம். தொடர்பு இருக்கு எண்டுதான் எழுதியிருக்கினம். அதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேல்லை. சாப்பாடும் சேருமாம், வேலையும் சேருமாம். அண்ணையின்ரை ரத்தத்தை ஒருத்தரும் சோதிக்கவும் இல்லை. ஆனா, ரத்தத்தைச் சோதிச்ச விஞ்ஞானியளே ஒரு வயித்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்குகினம். மா வரிசையிலை நிண்ட ஊர் எப்பிடிச் சொன்னது?

சண்டை ஓய்ஞ்சு, பூட்டிக்கிடந்த பாதை திறந்து வருசம் ஒண்டாகுது. கொழும்பிலை இருந்து வருகினம், கனடாவிலை இருந்து வருகினம். பேசாலை என்ன சந்திரனிலையோ கிடக்கு? போன மாதம் போய்க் கூப்பிட்டனான். கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு, நிமிராமல் கேட்டார்: "அங்கை என்னைக் கண்டா, முதல்லை எதையடா பாப்பினம்?"

தனியத்தான் திரும்பி வந்தனான். அம்மா இப்பவும் மூண்டு கோப்பை எடுப்பா. பிறகு ஒண்டைத் திருப்பி அலுமாரிக்குள்ளை வைப்பா.

அந்தா, ஷாருஜன் வீடியோ எடுக்கிறான். இந்தக் கசெற் நாளைக்கு என்னோடை பேசாலைக்கு வருது. அண்ணைக்குச் சொல்ல ஒரு சொல் இருக்கிறவை இதிலை சொல்லுங்கோ.

என்ன மாமி எழும்பிட்டியள்? வீட்டையோ? இல்லையோ? மைக் வேண்டாமோ? சரி, பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்க நான் திருப்பிச் சொல்லுறன். "அவனை வரச் சொல்லு. இறங்குதுறையிலை நான் நிப்பன். முதல்லை முகத்தைத்தான் பாப்பன்" எண்டு மாமி சொல்லுறா.

ஷாருஜன், பதிஞ்சதோ? ஓம் எண்டுறான்.

அண்ணை, கேட்டியளே? கடைசிப் பிடி உங்கடைதான், ஒருத்தரும் தொடேல்லை.

தோத்த களைப்போடை என்னையும் தாங்கின எல்லாருக்கும் நன்றி. அனலைதீவாரே, வாற வருசம் காலை நல்லா ஊண்டிக்கொண்டு வாருங்கோ. வணக்கம்.