ஷா ஆலம் தாண்டிய ஆமென்

கிள்ளானில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் மெதடிஸ்ட். மெதடிஸ்ட் பெண்ணின் மகனுக்கும் கத்தோலிக்கப் பெண்ணின் மகளுக்கும் சனிக்கிழமை கல்யாணம்.

"நிச்சயத்துல பரமண்டல ஜெபம் சொல்றப்ப, உங்க ஆளுங்க பாதியிலேயே ஆமென் சொல்லி உட்கார்ந்துட்டாங்க, சம்பந்தி. நாங்க மட்டும் நின்னுக்கிட்டு 'ராஜ்யமும் வல்லமையும்'னு கடைசி வரியைச் சொல்றோம்," என்றார் மெதடிஸ்ட் பெண்.

"எங்க ஜெபம் அங்கேயே முடிஞ்சிடும் லா. உங்களுதுக்குத்தான் வால் நீளம்."

"இதுக்கே என் மகன் சர்ச் கல்யாணமே வேணாம், பதிவுக் கல்யாணம் மட்டும் போதும்கிறான்."

கத்தோலிக்கப் பெண் சற்று யோசித்தார். "சரி, வால் முடியற வரைக்கும் நாங்களும் நிக்கிறோம். ஆமென் மட்டும் ஒண்ணா சொல்லுவோம்."

கண்மூடி மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். நான் எண்ணினேன். முதலில் இரண்டு ஆமென், அடுத்தும் இரண்டு, மூன்றாம் தடவை ஒன்றே ஒன்று.

"ஐயோ, நாம இறங்க வேண்டிய ஷா ஆலம் போயிடுச்சே, சம்பந்தி."

"பரவாயில்ல. திரும்பிப் போற ரயில்ல கல்யாண மெழுகுவத்தியை யார் ஏத்துறதுங்கிற விஷயத்தையும் பேசி முடிச்சிடலாம்."