மாப்பிள்ளையின் பேட்ஜ்

எனக்குத் தூக்கத்துக்குக் குறைவே இல்லை, ஐயா. ஓய்வு பெற்ற பிறகு என் குறட்டை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டையே விற்றுவிட்டுப் போனார். மனதில் பாரம் இருப்பவன் அப்படித் தூங்குவானா, நீங்களே சொல்லுங்கள்.

அணுமின் நிலையத்தில் எரிபொருள் மாற்றும் பிரிவுக்கு நான்தான் தலைவனாக இருந்தேன். எரிபொருளை மாற்றும் எந்திரத்துக்கு என் மனைவியைவிடப் பிடிவாதம் அதிகம். உலையின் வாயைக் கவ்வினால் சில நேரம் விடாது. உலையை நிறுத்திவிட்டு யாராவது உள்ளே போய்க் கையால் கழற்ற வேண்டும். அந்த வேலை இரண்டு பேருக்குத்தான் கைவந்தது: எனக்கும், நான் பழக்கிவிட்ட என் மாப்பிள்ளைக்கும்.

உள்ளே போகிறவர் சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அது அளக்கும். அணுசக்திப் பாதுகாப்பு வாரியம் விதித்த வரம்பைத் தொட்டுவிட்டால் அந்த ஆண்டு முழுக்க உள்ளே கால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளையின் பேட்ஜ் பாதி ஆண்டுக்குள்ளேயே வரம்பை நெருங்கிவிட்டது. பாழாய்ப்போன எந்திரம் மறுபடி கவ்விக்கொண்டது. உலை சும்மா நின்றால் மேலிடம் என் உயிரை வாங்கும்.

"பேட்ஜைக் கழட்டிக் குடு மாப்ளே," என்றேன்.

"மாமா, ஏற்கெனவே நெறய ஏறிடுச்சு. டாக்டர் வேற..."

"வரம்பெல்லாம் பேட்ஜுக்குத்தான்யா. நீ காளை மாட்டையே தோள்ல தூக்கிட்டு வர்ற ஆளு."

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். மாமனார் பேச்சைத் தட்டாதவன். என் மேசை இழுப்பறையில், இருமல் மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஆண்டுக்காண்டு அதுவே வழக்கமாகிவிட்டது. பிறகெல்லாம் நான் கேட்கவே வேண்டாம். வந்ததும் அவனே நீட்டுவான்.

வாரியத்து ஆய்வாளர், பூமியிலேயே பாதுகாப்பான பிரிவு என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், கைதான் குலுக்கினார்.

இப்போது மாப்பிள்ளைக்கு ரத்தப் புற்று. சிகிச்சைக்கு உதவ நிலையம் மறுத்துவிட்டது. பேட்ஜ் வரம்பைத் தாண்டவே இல்லையே, நோய் வேறெங்கோ பிடித்துக்கொண்டது என்கிறார்கள். நானும் அப்படித்தான் சாட்சி சொன்னேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? பேட்ஜ் இழுப்பறையில்தானே இருந்தது.

நேற்று மகள் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அத்தன வருஷமும் உங்க பேட்ஜ்ல ஒண்ணுமே ஏறலையாம்ப்பா. உங்களுக்கும் தெரிஞ்ச வேலதானே. ஒரு தடவையாவது நீங்க போயிருக்கலாம்ல?"

படித்த பெண், இதுகூடப் புரியவில்லை. நான் எப்படி ஐயா உள்ளே போவேன்? எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறதே.